ஒலிச்சுவடியும் உடைமையும்: நாட்டார் பாடகரின் உரிமை பற்றிய ஒரு நோக்கு

1

நாட்டார் பாடல் மக்கள் அனைவர்க்கும் பொதுவானது, அதற்கு ஆசிரியன் ஒருவனைத் தேடுதல் வீண்முயற்சி என்பது வாய்மொழி இலக்கிய ஆய்வில் நெடுங்காலமாக வழங்கிவரும் கோட்பாடாகும். முற்போக்கு இலக்கிய இயக்கத்தைச் சார்ந்த எம்மவரும் இக்கோட்பாட்டை விரும்பியே ஏற்றுக்கொண்டனர். தனிமனித மேதைமையைப் போற்றும் முதலாளித்துவ அழகியலுக்கு எதிராக, கூட்டு உழைப்பிற் பிறந்த கூட்டுக் கலையை முன்னிறுத்துவதற்கு அது பெரிதும் துணைபுரிந்தது. ஏட்டிலக்கியமே இலக்கியம் என்று கொண்டிருந்த பண்டிதமரபின் பிடியைத் தளர்த்துவதற்கும் அது உதவிற்று. அந்த வகையில் அதன் வரலாற்றுப் பங்கு மறுக்கத்தக்கதன்று.

எனினும், ஒரு கருத்து எச்சூழலில் முற்போக்கானதாக இருந்ததோ அச்சூழல் மாறுமிடத்து அக்கருத்து ஆற்றும் பணியும் மாறிவிடக்கூடும். ஒலிப்பதிவுக் கருவி கிராமத்துக்குள்ளும் சிறைக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது. அங்கு பதியப்பெற்ற குரல்கள் சுவடிக்கூடங்களிற் சேமிக்கப்பட்டன. இன்று அவை அச்சுவடிக்கூடங்களிலிருந்து சந்தைக்கு வருகின்றன. இந்நிலையில் 'இப்பாடல் எவர்க்கும் உரியதன்று' என்னும் கூற்று யாருக்குப் பயன்படுகின்றது? பாடியவர்க்கா, பதிந்தவர்க்கா, விற்பவர்க்கா? இக்கட்டுரை இவ்வினாவையே ஆராய முற்படுகின்றது.

2

'மிகைப்பெறுமதிக் கோட்பாடுகள்' என வழங்கும் குறிப்புக்களில் மார்க்ஸ் பாடகி ஒருத்தியை உதாரணமாகக் காட்டுகின்றார். தன் பாட்டைத் தானே விற்றுப் பிழைக்கும் பாடகி, மூலதனத்தின் நோக்கில், உற்பத்தித்திறனற்ற உழைப்பாளி. அவளையே ஒரு தொழில்முனைவோன் கூலிக்கு அமர்த்திப் பணம் ஈட்டுவானாயின், அவள் உற்பத்தித்திறனுள்ள உழைப்பாளி ஆகிவிடுகிறாள். ஏனெனில் அவள் மூலதனத்தைப் பெருக்குகிறாள். இரு நிலையிலும் குரலும் பாட்டும் ஒன்றே. மாறியது உற்பத்தி உறவு மாத்திரமே. நிகழ்த்துகலையில், உற்பத்திச் செயலிலிருந்து உற்பத்திப் பொருளைப் பிரிக்க இயலாது. ஆதலால் முதலாளித்துவம் அங்கு ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே செயற்பட முடியும் என்றும் அவர் கருதினார்.

மார்க்ஸ் இதனை எழுதியது 1861க்கும் 1863க்கும் இடைப்பட்ட காலத்தில். எடிசன் ஒலிவரைவியைக் கண்டுபிடித்தது 1877இல். அக்கண்டுபிடிப்பு மேற்கூறிய எல்லையை உடைத்துவிட்டது. முன்னர், பாடகி வாய்மூடியதும் பாட்டும் முடிந்துபோம். மறுபடியும் கேட்க வேண்டுமாயின் அவளையே அழைத்தல் வேண்டும். பாடகிக்கு இருந்த ஒரே பேரம்பேசும் வலிமை இதுவே. ஒலித்தட்டு அவ்வலிமையைப் பறித்தது. குரல் உடலினின்றும் பிரிந்தது. உயிருள்ள உழைப்பு, சேமித்து வைக்கத்தக்க உறைந்த உழைப்பாயிற்று. அதன் பின்னர் 'யார் பாடுகிறார்?' என்பதிலும் 'தட்டு யாருடையது?' என்பதே முதன்மையான வினாவாயிற்று.

வணிக ஒலிப்பதிவுக் கூடத்திலாவது கூலி என்ற ஒன்றுண்டு. எத்துணை அநீதியானதாயினும் ஓர் ஒப்பந்தம் உண்டு. களஆய்வு ஒலிப்பதிவில் அதுவுமில்லை. அங்கு பாடுபவர் உழைப்பாளியாகக் கணிக்கப்படுவதேயில்லை. அவர் ஒரு 'தகவலாளி'. தகவல் தருபவர்க்குக் கூலி இல்லை. தகவலை அறிவாக்குபவர்க்குப் பட்டமும் பதவியும் பதிப்புரிமையும் உண்டு. ஆய்வியலின் இச்சிறு கலைச்சொல்லுக்குள் ஓர் உடைமை உறவு பொதிந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இவ்வுறவு நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றது என்பதற்கு மூன்று நிகழ்வுகளை நோக்கலாம்.

முதலாவது சொலமன் தீவுகள் சார்ந்தது. மலைற்றாத் தீவின் பேகு மக்களிடையே இசை இனவியலாளர் ஹியூகோ சேம்ப் 1970ஆம் ஆண்டளவில் ஒலிப்பதிவுகள் செய்தார். அஃபுனாக்வா என்னும் பெண் அவருக்கு 'ரோரோக்வேலா' என்ற தாலாட்டைப் பாடினார். 1973இல் யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் அது வெளிவந்தது. 1992இல் 'டீப் ஃபொறஸ்ற்' என்ற பிரெஞ்சு இருவர் குழு அக்குரலை எடுத்து, மின்னிசை சேர்த்து, 'இனிய தாலாட்டு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டது. அவ்விசைத்தொகுப்பு பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. வணிக விளம்பரங்களிலும் அதன் இசை ஒலித்தது. அத்தொகுப்பு தன்னை மத்திய ஆபிரிக்கக் காடுகளின் பிக்மி மக்களோடு தொடர்புபடுத்திக்கொண்டது. பசிபிக் சமுத்திரத் தீவொன்றின் பெண்குரல் இவ்வாறு ஆபிரிக்கக் காட்டுக்குரியதாயிற்று. 1996இல் நோர்வே நாட்டுச் சக்சபோன் கலைஞர் யான் கார்பரெக் அதே மெட்டைப் 'பிக்மித் தாலாட்டு' என்ற தலைப்பிலேயே வெளியிட்டார். பிழை பிழையைப் பெற்றது.

அப்பாடலின் பொருள் யாது? பெற்றோரை இழந்த பிள்ளைகளுள் மூத்தது இளையதைத் தேற்றுவதே அதன் பொருள். எம்மரபிற் கூறுவதாயின், தாலாட்டின் வடிவில் அமைந்த ஓர் ஒப்பாரி அது. அநாதைப் பிள்ளையின் துயரம் உலகச் சந்தையில் இனிமையாக மாற்றப்பட்டது. பொருள் புரியாமையே அங்கு பண்டத்தின் கவர்ச்சியாயிற்று. ஸ்ரீவன் ஃபெல்ட் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். அனுமதி கேட்கப்பட்டதா, கொடுக்கப்பட்டதா, எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. அச்சர்ச்சையில் பங்குகொண்டோர் ஆய்வாளர், யுனெஸ்கோ அதிகாரிகள், இசைக்குழுவினர் ஆகியோரே. பாடிய பெண் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

இரண்டாவது நிகழ்வு தாய்வானின் அமிஸ் பழங்குடியைச் சார்ந்த டிஃபாங், இகாய் என்னும் விவசாயத் தம்பதியருடையது. 1988இல் அவர்கள் ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பிரான்சின் பண்பாட்டு நிறுவனம் ஒன்றினால் ஒலிப்பதிவு செய்யப்பட்டனர். அக்குரலை 'எனிக்மா' என்ற இசைத்திட்டம் எடுத்தாண்டது. 1994இல் அப்பாடல் உலகெங்கும் பரவியது. 1996ஆம் ஆண்டு அற்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டின் விளம்பரத்திலும் அது இடம்பெற்றது. இசையமைப்பாளர் தரப்பு அப்பிரெஞ்சு நிறுவனத்திடம் பணங்கொடுத்து அனுமதி பெற்றிருந்தது. பாடியவர்களோ தம் குரலை வானொலி வழியாகப் பிறர் சொல்லியே அறிய நேர்ந்தது. 1998இல் அவர்கள் ஐக்கிய அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர்; 1999இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. இருவரும் 2002இற் காலமாயினர்.

மூன்றாவது நிகழ்வு மிசிசிப்பி மாநிலத்தின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் தொடங்குகின்றது. 1959இல் அலன் லோமக்ஸ் அங்கு சென்று, கறுப்பினக் கைதிகள் விறகு பிளந்தவாறு பாடிய தொழிற்பாடல் ஒன்றைப் பதிவுசெய்தார். முன்னின்று பாடியவர் ஜேம்ஸ் காட்டர். கோடரி மரத்தில் விழும் ஓசையே அப்பாடலின் தாளம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஹொலிவூட் திரைப்படமொன்றின் இசைத்தொகுப்பு அப்பதிவுடன் தொடங்கியது. பல மில்லியன் பிரதிகள் விற்ற அத்தொகுப்பு 2002இல் கிறாமி விருதுகளுள் முதன்மையானதைப் பெற்றது. லோமக்ஸ் சுவடிக்கூடத்தினரும் பத்திரிகையாளர் ஒருவரும் முயன்று தேடி, சிக்காகோவில் வாழ்ந்த காட்டரைக் கண்டுபிடித்தனர். அவரிடம் 20,000 டொலர் காசோலை கையளிக்கப்பட்டது. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். தாம் அப்பாடலைப் பாடிய அந்நாள் அவர் நினைவில் தெளிவாக இருக்கவில்லை. 2003இல் அவர் இறந்தார்.

சுவடிக்கூடத்தினர் தேடிச்சென்றது பாராட்டுக்குரியது. அவ்வாறு தேடாதோரே பெரும்பான்மையினர். ஆயினும் இந்நிகழ்வை வெறும் மனிதாபிமானக் கதையாக வாசித்தல் போதாது. பார்ச்மன் ஓர் அரச பருத்திப் பண்ணை. கைதியின் கை உழைப்பை முதலில் அரசு எடுத்துக்கொண்டது. அவ்வுழைப்பின் ஓசையைப் பிற்காலத்தில் இசைத்தொழில் எடுத்துக்கொண்டது. ஒலித்தட்டில் நாம் கேட்கும் கோடரியோசை, கூலியற்ற உழைப்பு நடந்துகொண்டிருந்தமைக்கான நேரடிச் சான்று. காவலாளியின் பார்வையின்கீழ் நின்ற மனிதனிடம் 'பாடுவாயா?' என்று கேட்டபோது, 'மாட்டேன்' என்று சொல்லும் சுதந்திரம் அவனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? மறுக்க இயலாத இடத்திற் பெறப்படும் இசைவை இசைவு என்று கொள்ளலாமா?

மூன்று நிகழ்வுகளும் ஒன்றையொன்று ஒத்தன அல்ல. ஒன்றில் பாடியவர் பேச்சிலேயே இடம்பெறவில்லை. ஒன்றில் வழக்காடிப் பெற்றார். ஒன்றில் நாற்பது ஆண்டு கழிந்தபின் தேடிவந்து கொடுத்தனர். மூன்றுக்கும் பொதுவானது, பரிமாற்றம் நிகழ்ந்த கணத்தில் பாடியவர் அங்கு இல்லை என்பதே. ஆய்வாளரிடமிருந்து நிறுவனத்துக்கும் நிறுவனத்திலிருந்து வணிகருக்கும் அனுமதிப் பத்திரம் சென்றது. குரலுக்குரியவர் அப்பாதையின் எப்புள்ளியிலும் நிற்கவில்லை.

4

இதற்கெல்லாம் பேராசை கொண்ட வணிகரே காரணம் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் எம்மை அமைதியிழக்கச் செய்யும் உதாரணம் ஒன்றுண்டு. சூலு பாடகர் சொலமன் லிண்டா 1939இல் ஜோகன்னஸ்பேர்க்கில் கல்லோ நிறுவனத்துக்காக 'ம்பூபே' என்ற தம் பாடலைப் பதிந்தார். உரிமைக்கு ஈடாக அவர் பெற்றது பத்துச் சிலிங் எனப்படுகின்றது. அத்தட்டு அலன் லோமக்ஸ் வழியாக அமெரிக்கப் பாடகர் பீற் சீகரிடம் சேர்ந்தது. சீகர் அதனைக் கேட்டெழுதி 'விமோவே' எனத் தம் குழுவுடன் பாடினார். 1952இல் அது புகழ்பெற்றது. ஆபிரிக்க மரபுப்பாடல் ஒன்றையே தாம் பாடுவதாக அவர் எண்ணினார். ஆனால் பதிப்புரிமைப் பதிவிலோ லிண்டாவின் பெயர் இல்லை. ஒரு புனைபெயரே இருந்தது. 1961இல் ஆங்கிலச் சொற்கள் சேர்க்கப்பட்டு அது மறுபடியும் வெளிவந்தது. 1994இல் டிஸ்னியின் சிங்கராசாத் திரைப்படத்துள்ளும் புகுந்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். 2000ஆம் ஆண்டில் றியன் மலான் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே இது பேசுபொருளாயிற்று. 2004இல் தென்னாபிரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2006இல் இணக்கம் காணப்பட்டது.

சீகர் யார்? தொழிலாளர் போராட்டங்களிற் பாடியவர். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் 1955இல் தம் அரசியற் சார்பைப் பற்றிப் பேச மறுத்து, அதற்காக ஒறுக்கப்பட்டவர். பிற்காலத்தில் லிண்டாவுக்குப் பணம் அனுப்பியதோடு, நடந்தவற்றுக்கு வருத்தமும் தெரிவித்தவர். அவரது நேர்மை ஐயத்துக்குரியதன்று. துல்லியமாக அதனாலேயே இவ்வுதாரணம் முக்கியமாகின்றது. பெயரும் முகவரியும் உடைய ஒரு தொழிலாளியின் ஆக்கத்தை 'மக்களின் பொதுச் சொத்து' என அவரை எண்ணவைத்தது அவரது முற்போக்குக் கருத்துநிலையே. 'மக்கள்' என்னும் பெருஞ்சொல்லுக்குள் மக்களுள் ஒருவர் மறைந்துபோனார். பதிப்பகம் அம்மறைவைப் பணமாக மாற்றிக்கொண்டது.

1842இல் இளம் மார்க்ஸ் ரைன்லாந்தின் விறகுத் திருட்டுச் சட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இங்கு நினைவுகூரத்தக்கன. உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்கும் ஏழைகளின் வழக்காற்றுரிமையைச் சட்டம் களவு என்று பெயரிட்டதை அவர் சாடினார். நாம் பேசும் துறையில் அதே நிகழ்வு தலைகீழாக நடைபெறுகின்றது. வழக்காறு என்ற பெயராலேயே ஏழையின் உடைமை உரிமையற்றதாக்கப்படுகின்றது. உரிமையற்றது என்று ஆக்கப்பட்டபின் அதனைப் பொறுக்கி எடுப்பவர் உடைமையாளராகின்றார். இரு வகையிலும் சட்டம் நிற்கும் பக்கம் ஒன்றே.

சட்டத்தின் வளர்ச்சி இதனைத் தெளிவுறுத்தும். 1886ஆம் ஆண்டின் பேர்ண் சமவாயம் ஆசிரியனைக் காத்தது. நிகழ்த்துவோர்க்குச் சர்வதேசப் பாதுகாப்பு வர 1961ஆம் ஆண்டின் உரோம் சமவாயம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் நிகழ்த்துவோர் என்பதை இலக்கிய, கலை ஆக்கங்களை நிகழ்த்துவோர் என்றே வரையறுத்தது. நாட்டார் வழக்காற்றைப் பாடுபவர் அவ்வரையறையின் வாயிலுக்கு வெளியே நின்றார். 1996ஆம் ஆண்டு உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் உடன்படிக்கையே அவரைப் பெயர்சொல்லி உள்ளே அழைத்ததோடு, தம் நிகழ்த்துகையுடன் தம் பெயர் குறிக்கப்பெறும் உரிமையையும் நிகழ்த்துவோர்க்கு வழங்கிற்று. அந்நிறுவனத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குழுவின் நெடிய பேச்சுக்களின் பயனாக 2024இல் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. அது மரபணு வளங்களையும் அவற்றோடு இணைந்த மரபறிவையும் பற்றியது. பாட்டும் கூத்தும் அதனுள் அடங்கவில்லை.

இலங்கையின் நிலை யாது? 1979ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டக்கோவை வரும்வரை பிரித்தானியப் பேரரசின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே இங்கு அடிப்படையாக இருந்தது. லிண்டாவின் வாரிசுகள் வழக்காடுவதற்குக் கைகொடுத்ததும் அதே பேரரசுச் சட்டத்தின் ஒரு பிரிவே என்பது வரலாற்றின் விநோதம். இன்று நடைமுறையிலுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 24ஆம் பிரிவில் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி அளிக்கும் உரிமை, அமைச்சரால் தீர்மானிக்கப்படும் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அறவிடப்படும் பணம் பண்பாட்டு மேம்பாட்டுக்குச் செல்லும். நிறுவனம் நின்ற இடத்தில் அரசு வந்து நிற்கின்றது. பாடிய பெண்ணிடம் சென்று கேட்க வேண்டும் என்ற கடப்பாடு இப்பிரிவில் எங்கே? பல்லின நாடொன்றில் 'தேசியப் பண்பாடு' என்பதை வரையறுப்போர் யார் என்பதை அறிந்த எமக்கு, இவ்வினா சட்ட நுணுக்கம் மாத்திரமன்று.

5

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நாட்டார் பாடகருக்கு உரிமை கோருவது, பொதுவுடைமையாக இருந்ததைத் தனியுடைமையாக்கும் முயற்சியன்றோ? மார்க்சியவாதி அதனைக் கோரலாமா?

பாட்டு வேறு, பாடுதல் வேறு என்பதைப் பிரித்து நோக்கின் இம்முரண்பாடு தீரும். பாட்டு ஊருக்குப் பொது. அதனை எவரும் பாடலாம், மாற்றலாம், பிள்ளைக்குக் கற்பிக்கலாம். ஆனால் குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு குரலில், அதைப் பாடியது ஒருவரின் உழைப்பு. சந்தைக்குச் செல்வது அவ்வுழைப்பின் பதிவேயன்றிப் பொதுப் பாட்டன்று. கொழுந்து பறிக்கும் பெண் கூலி கேட்பதனால் மலை முழுவதும் தனதென்று சொல்பவள் ஆகிவிடுவதில்லை.

பதிந்தவர் இல்லாவிடின் அப்பாட்டு அழிந்திருக்கும் என்பர். உண்மையே. சேம்பும் லோமக்சும் இல்லாவிடின் அஃபுனாக்வாவின் பெயரோ காட்டரின் பெயரோ எமக்குத் தெரிந்திரா. சேகரிப்பாளரின் உழைப்பும் உழைப்பே. அதற்குரிய ஊதியமும் மதிப்பும் அவருக்குண்டு. ஆயினும் நிலத்தை அளந்தவர் அளந்தமையால் நிலத்துக்கு உடையவராவதில்லை.

இறுதியாக இசைவைப் பற்றி. இசைவு என்பது ஒருமுறை பெற்றுக் கோப்பிலிட்டு மூடிவிடும் கையொப்பம் அன்று. 1970இல் மலைற்றாவில் தாலாட்டுப் பாடிய பெண்ணுக்கு, தன் குரல் துண்டாடப்பட்டு நடனமேடைத் தாளத்தோடு ஒட்டப்படும் என்பது எவ்வாறு தெரியும்? அவரிடம் கேட்டவருக்கே அது தெரியாது. இன்று கணினிகள் குரலைப் பயின்று புதுக்குரல் செய்யும்போதும் நிலைமை இதுவே. எந்நோக்கத்துக்காக இசைவு தரப்பட்டதோ அந்நோக்கம் மாறினால் இசைவும் புதிதாகக் கேட்கப்படல் வேண்டும். மறுக்கும் உரிமையும் அதனுள் அடங்கும். சாவீட்டில் அழுத ஒப்பாரியை எவ்விலைக்கும் விற்க வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வாளாயின், அது பண்பாட்டு வளர்ச்சிக்குத் தடையென்று எவரும் அவளுக்கு உபதேசிக்கத் தகாது.

இக்கட்டுரையாளரும் குற்றத்துக்குப் புறம்பானவர் அல்லர். கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக மலையகத் தோட்டமொன்றில் ஒப்பாரிகளைப் பதிவுசெய்தபோது, முதிய பெண்ணொருவர் பாடத் தொடங்குமுன், "இத எங்க கொண்டுபோயி போடுவீங்க தம்பி?" என்று கேட்டார். "படிப்புக்குத்தான் அம்மா" என்பதே அன்று கொடுத்த விடை. அவ்விடை அன்று பொய்யன்று. ஆனால் அப்பதிவுகளின் பிரதிகள் பின்னர் எத்தனை கைக்குச் சென்றன என்பது அதைச் சொன்னவருக்கே இன்று தெரியாது. ஆய்வேட்டின் பின்னிணைப்பிலோ அப்பெண் 'தகவலாளி 7' என்றே இருக்கிறார். பதிவுசெய்தவரின் பெயர் முகப்பில் முழுமையாக இருக்கின்றது.

எனவே எம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் சங்கங்களும் தம்மிடமுள்ள ஒலிப்பதிவுகள் குறித்துச் சில செயல்களை உடனடியாகத் தொடங்கலாம். பாடியவர் தம் பெயர் மறைக்கப்பட வேண்டும் என்று கேட்டாலன்றி, ஒவ்வொரு பதிவோடும் அவர் பெயர், ஊர், நாள், அவர் என்ன நோக்கத்துக்கு இசைந்தார் என்பவற்றை எழுதிவைத்தல். பதிவின் பிரதியை அவரிடமோ அவர் குடும்பத்திடமோ ஒப்படைத்தல். கேளாமல் எவர்க்கும் வணிக அனுமதி அளிப்பதில்லை என முடிவுசெய்தல். பணம் வருமாயின் பாடியவர்க்கும் அவர் ஊர்க்கும் உரிய பங்கை முதலிற் பிரித்துவைத்தல். இவற்றுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மக்கள் இலக்கியம் பற்றிப் பேசும் உரிமையை நாம் பெறுவது, அம்மக்களுள் ஒருவர் கேட்ட கேள்விக்குத் திரும்பிச் சென்று விடை சொல்வதிலிருந்தே தொடங்கவேண்டும். 'தகவலாளி 7' என்ற இடத்தில் அப்பெண்ணின் பெயரை எழுதலாமா என்று முதலில் அவரிடமே கேட்கவேண்டும்.